பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று வகுபடும்

இதை எழுதுபவன் கிருஷ்ணகிரியில் வக்கீல் தொழில் செய்யும் சீனிவாசன். காலஞ்சென்ற கணக்கு ஆசிரியர் ராமண்ணாவின் உடன்பிறந்த தம்பி. அவருடைய உயிலைத் தன் கைப்பட எழுதியவன்.

அன்பிற்குரிய அண்ணா,

வேப்பனப்பள்ளி மாந்தோப்பைப் பற்றி இப்படியொரு நிபந்தனை தேவையா? “1111111 வகுபடாத எண். அதை ஒருவர் மீதியின்றி வகுத்துக் காட்டும் நாள்வரை தோப்பும் பிரிபடக் கூடாது.” நீங்கள் சொன்னீர்கள், நான் எழுதினேன். ‘ஒன்றும் அதே எண்ணும் நீங்கலாக’ என்று எச்சரிக்கையோடு சேர்க்கத் தெரிந்த எனக்கு, எண் வகுபடுமா என்று பார்க்கத் தோன்றவில்லை. கணக்கு வாத்தியார் சொன்னால் சாட்சி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இந்த நிபந்தனை நீதிமன்றத்தில் நிற்காது என்று உங்கள் பிள்ளைகளிடம் சொன்னேன். அப்பா வார்த்தைக்கு எதிராகக் கோர்ட்டுப் படி ஏற மாட்டோம் என்கிறார்கள் இருவரும். பெரியவன் கோவிந்தன் தன் பாகத்தில் வீடு கட்டித் தனியே போக வேண்டும் என்கிறான். சின்னவன் முனிராஜ் ஒரு மரத்தையும் பிரிக்க விடமாட்டேன் என்கிறான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஓராண்டாகப் பேச்சில்லை.

ஆகவே, வழக்குக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு வகுக்க உட்கார்ந்தேன். உங்கள் நோட்டைப் பார்த்தேன். மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, முப்பத்தேழு ஆகிய ஐந்திலும் மீதி ஒன்றே. அந்த ஒன்று உங்களை மயக்கிவிட்டதா? முப்பத்தேழோடு ஏன் நிறுத்தினீர்கள்? அந்த எண்ணின் வர்க்கமூலமான ஆயிரத்து ஐம்பத்து நான்குவரை பார்க்க வேண்டும். அதற்குள் ஒன்றும் வகுக்காவிட்டால் அப்பாலும் வகுக்காது. இது உங்களுக்குத் தெரியாததா?

கோவிந்தன் வாராவாரம் பஸ் ஏறி வந்து நின்றான். “என்னங்க சித்தப்பா, கணக்குக்கும் வாய்தா வாங்குறீங்களா?”

ஐம்பத்தோரு பகா எண்கள் கைவிரித்தன. ஐம்பத்திரண்டாவது 239. மீதியில்லை, ஈவு 4649.

இருவரையும் அழைத்தேன். சிலேட்டுப் பலகையைக் கொடுத்து, பெருக்கிச் சரிபார்க்கும் வேலையை முனிராஜிடம் ஒப்படைத்தேன். முடிவு யாருக்குப் பாதகமோ அவன் கையாலேயே சரிபார்க்கப்படுவதுதான் முறை.

“அப்போ எனக்கு எரநூத்தி முப்பத்தொம்போது, அவனுக்கு நாலாயிரத்தி அறநூத்திச் சொச்சமா? நல்லா இருக்குதுங்க நாயம்!” என்றான் கோவிந்தன்.

“நீ சும்மா இருண்ணா, கணக்கு தப்பிப் போகுது” என்றான் முனிராஜ். ஓராண்டில் அண்ணனிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

இரண்டு முறை பெருக்கினான். ஏழு ஒன்றுகளும் வந்தன. பலப்பத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“அப்பா தப்பு பண்ணிட்டாருங்களே, சித்தப்பா.”

அவன் அழுதது தோப்பு போகிறதே என்று அல்ல, அண்ணா. கோவிந்தன் எழுந்து வந்து, பலகையில் இருந்ததைத் தன் மேல்துண்டால் அழித்தான். “ஊருல யாருக்கும் தெரிய வேணாம்டா” என்றான்.

நான் அவ்வாறு மறைக்க இயலாதவன். பிரிவினைப் பத்திரத்தில் காரணம் எழுதியாக வேண்டும். ஆனால், எண்ணைச் சரிபாராமல் உயிலில் ஏற்றிய பிழை அதை எழுதியவனுடையது என்றே எழுதுவேன். அது உண்மையும்கூட. இது என் உறுதி.

இப்படிக்கு,
தங்கள் மீது இன்னும் கோபம் தீராத தம்பி,
சீனிவாசன்

சாட்சிகள்:
ரா. கோவிந்தன்
ரா. முனிராஜ்