இரண்டாவது அடையாளம்

கற்பிட்டி
செவ்வாய்க்கிழமை

என் அன்புத் தம்பி இப்ஹாமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோலாலம்பூரில் நீயும் உன்னோடு வேலை செய்யும் பிள்ளைகளும் உடல்நலத்தோடு இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. நாங்களும் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பொய்யில் தொடங்கும் கடிதத்தை நீ எப்படி நம்புவாய் என்று அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போனில் பேச வந்தால், "ராத்தா, மீட்டிங் இருக்கு" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். எழுத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும். அதனால்தான் கையால் எழுதி, என் மகள் இல்மாவிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முழுதும் படி.

கச்சான் காற்று இந்த முறை ஓய்கிற பாடாக இல்லை. வெளிக்கடலுக்கு நம் இரண்டு படகும் போவதில்லை. சுழியோடிகள் உள்ளே தீவுப் பக்கம் மட்டும் இறங்குகிறார்கள். கடலட்டை கொஞ்சம்தான் வருகிறது. வாடியில் அட்டை அவிக்கிற அண்டா பாதி நாள் கவிழ்ந்தே கிடக்கிறது. வியாபாரத்தைப் பற்றி நான் இவ்வளவோடு நிறுத்துகிறேன் என்றால் விஷயம் வேறு என்று உனக்கே விளங்கியிருக்கும்.

நீ செய்திருக்கும் போன் கேமைப் பற்றித்தான். நீ இலவசமாக விட்ட முதல் பகுதியைக் கற்பிட்டியில் விளையாடாத பொடியன் இல்லை. சிரிக்காதே, இல்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் விளையாடினேன். இயக்கர் குலத்துப் பெண் ஒருத்தி. சுறாவின் வாயைக் கட்டத் தெரிந்தவள். கடல் பிடித்து வைத்திருக்கும் தன் ஆட்களை மீட்டுக் கொண்டுவர மூழ்குகிறாள். காட்டில் இருக்கும் முன்னோர் ஆவிகள் அவளுக்கு மூச்சைக் கடன் கொடுக்கின்றன. நமக்கெல்லாம் முன்பே இந்தக் கரையில் இருந்தவர்களின் கதை என்று நீ வண்ணாத்திவில்லுக் காட்டோரமெல்லாம் அலைந்து சேர்த்தது வீண் போகவில்லை. ஆவியும் மந்திரமும் கூடாது என்று இங்கே சிலர் முணுமுணுத்தார்கள். "கதை சொன்னவன் கும்பிடச் சொன்னானா?" என்று கேட்டேன். அடங்கிவிட்டார்கள். ஒரு குறை மட்டும் உண்டு. ஆட்களை விடுவதற்குக் கடலரசி கேட்ட விலையை அந்தப் பெண் உடனே ஒத்துக்கொள்கிறாள். என்னிடம் கேட்டிருந்தால் பேரம் பேசச் சொல்லித் தந்திருப்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஓடத்தைச் சும்மா வலித்துக்கொண்டு போனால் கடல் திறப்பதில்லை. கரையில் நிற்கும் உயரமான கல்தூண் இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே வந்து நிற்க வேண்டும். நின்றதும் சங்கு ஊதுகிறது. மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு அது அழகான காட்சி. இங்கே கடலுக்குப் போகிற ஒருவனும் அதை அப்படிப் பார்க்கமாட்டான். கரையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நேராக வந்தால், அது கடலில் ஒரு கோடு. வேறு திசையில் இன்னும் இரண்டு நேராக வந்தால், இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளிதான் இடம். ஒவ்வொருவனும் தன் பாரை, தண்ணீருக்கடியில் தான் கண்ட பாறைத்திட்டை, இப்படித்தானே மண்டைக்குள் வைத்திருக்கிறான், பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல். பள்ளிவாசல் மினாராவைக் கல்தூணாக்கிவிட்டால் தெரியாமல் போய்விடுமா தம்பி?

முதலில் கண்டுபிடித்தது ரஸாக். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன நம் பழைய சுழியோடி. இப்போது சக்கரம் பூட்டிய சில்லுக் கதிரையில் இருந்தபடி வாடியை ஆட்சி செய்கிறான். நம் படகோட்டி, உடப்பு ஊர் நிலுக்சன், கீழே உட்கார்ந்து போனில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான். ரஸாக் எட்டிப் பார்த்து, "டேய், இது பாயிஸ் நானாட பார் இல்லையா? மினாரா ரெண்டு மேட்டுக்கும் நடுவுல!" என்று வாயை விட்டுவிட்டான். பக்கத்தில் அட்டை நிறுத்துக்கொண்டிருந்தது என் மகன் மின்ஹாஜ்.

அன்று மாலை அவன் சோற்றில் கை வைக்கவில்லை. "உம்மா, வாப்பா போன இடம் இதானா?" என்று கேட்டான். "எனக்குத் தெரியா மகன்" என்றேன். அது பொய்யுமில்லை. உன் மச்சான் பாயிஸ் காற்று டேங்க் கட்டிக்கொண்டு இறங்கி மேலே வராத இடம் வெளிக்கடலில் எந்தப் பக்கம் என்று சுமாராகத் தெரிந்தவர்கள் பலர். ஆனால் கடலில் சுமார் என்பதற்கு மதிப்பில்லை. முதல் அடையாளத்தை அவர் ரஸாக்கிடம் எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று படகில் இருந்த மூன்று பேரில் அவர் போனார். படகை ஓட்டியவர் கொரோனாவில் மௌத்தானார். மிச்சம் நீ.

மின்ஹாஜ் இப்போது நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை முழுக் கேமும் வரும், அதில் இரண்டாவது அடையாளம் வரும் என்று நிலுக்சனிடம் சொன்னானாம். "வாப்பாட ஒரு எலும்பாவது மண்ணுக்குப் போகணும்" என்றானாம். நான் சுழியோடிகளை வைத்துத் தொழில் செய்கிறவள். ஆனால் என் பிள்ளையைக் கடலில் இறக்கவில்லை. தராசிலும் லொறியிலும்தான் வைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் ஆழமில்லாத களப்பில் மூழ்கிப் பழகியிருக்கிறான். களப்பில் பழகியவனுக்கு அந்த ஆழம் என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். இரண்டாவது அடையாளத்தை மாற்று. அதே கோட்டில், கரைக்குக் கிட்ட, மூன்று பாகம், மூன்று ஆள் உயரம்கூட, ஆழமில்லாத மணல் தரை ஒன்றை ரஸாக் சொல்கிறான். அதற்கு நேராக வருகிற மாதிரி உன் கேமில் ஒரு தீவை நகர்த்தி அடையாளமாக வை. அவன் அங்கே மூழ்கி, மணலையும் சாதாழைப் புல்லையும் அள்ளிப் பார்த்து, மனம் ஆறித் திரும்பட்டும். ஏமாற்று வேலைதான். செய்கிற பாவம் என் கணக்கில் இருக்கட்டும்.

உன் பதிலுக்கு வாசலில் நிற்கிறேன்.

உன் ராத்தா,
நஃபீஸா


கற்பிட்டி
வியாழக்கிழமை

தம்பி இப்ஹாமுக்கு,

ஸலாம். உன் பதில் வந்தது. "மச்சானைப் பொய்யான இடத்தில் படுக்கவைக்க என்னால் முடியாது ராத்தா" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் கோபம் வந்தது. பிறகு வேறு ஒன்றும் வந்தது, அதை இங்கே எழுதப்போவதில்லை. மௌத்தானவரை நீ எந்த இடத்தில் வைத்தாலும் அவர் கோபிக்கமாட்டார். உயிரோடு இருப்பவனை நான் எங்கே வைப்பேன்? அதைச் சொல்.

நேற்று எஞ்சின் சாமான் வாங்கப் புத்தளத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் துறையில் ஒரு படகுதான் நிற்கிறது. ரஸாக் கரையில், மணலில் புதைந்த கதிரையை நகர்த்த முடியாமல், கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறான். மின்ஹாஜும் நிலுக்சனும் வெளிக்கடலுக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க என் மகனுக்குப் பொறுமையில்லை.

தேடிப் போக மற்றப் படகை இறக்கச் சொன்னேன். முதல் அலையிலேயே அதன் மூக்கு திரும்பிக் கரையில் மோதியது. பிறகு நின்றுகொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. உன் மச்சானுக்காக நின்ற அதே துறை. பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து ஓதத் தொடங்கினார்கள். "எழும்பிப் போங்க, இன்னும் ஒண்டும் நடக்கல்ல" என்று துரத்தினேன். அவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குப் படகு தெரிந்தது. நிலுக்சன் அழுதுகொண்டே ஓட்டி வந்தான். "அக்கா, நான் போகாட்டி இவன் தனியப் போயிருப்பான்" என்றான். என் மகன் படகின் முன் அணியத்தில் சாய்ந்து கிடந்தான். மூக்கிலிருந்து இரத்தம் வழிந்து சட்டையெல்லாம் சிவப்பு. மினாராவை இரண்டு மேட்டுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, அந்தக் கோட்டில் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, டேங்க் காற்று முடியும்வரை தேடியிருக்கிறான்.

ரஸாக் அவனைக் கிட்ட வரச் சொன்னான். குனிந்ததும் ஓங்கி ஒரு அறை. "என்ட காலைப் பாருடா. பார்த்தியா? இதுக்கா ஆசைப்படுறாய்?" என்று கேட்டுவிட்டு அவனே அழுதான். மின்ஹாஜ் அழவில்லை. என்னைப் பார்த்து, "கோடு தெரியும் உம்மா. அந்தக் கோட்டுல எங்கயோ ஒரு இடத்துல வாப்பா இருக்கார். ஒவ்வொரு இடமா இறங்கினா ஒரு நாள் வரும்" என்றான். குரலில் ஆத்திரம் இல்லை. உன் மச்சானும் இப்படித்தான், முடிவெடுத்துவிட்டால் குரல் தணிந்துவிடும்.

டேங்க் எல்லாவற்றையும் அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். ஆனால் இந்த ஊரில் டேங்க் என்னிடம் மட்டுமா இருக்கிறது?

உட்கார்ந்து யோசித்தேன். ஒரு கோடு என்பது கரையிலிருந்து ஆழ்கடல்வரை போகிறது. அதன் ஒவ்வொரு இடத்திலும் அவன் மூழ்குவான். புள்ளி தெரிந்தால் ஒரே ஒரு தடவை. அப்படிப் பார்த்தால், அந்த இடத்தை அவனிடமிருந்து மறைப்பதுதான் அவனைக் கொல்லும். செவ்வாய்க்கிழமை நான் போட்ட கணக்குப் பிழை. திருத்தி எழுதுகிறேன்.

கேமில் பொய் அடையாளத்தையே போடு. ஊர்ப் பொடியன்கள் எல்லோரும் அங்கே போய்ச் சாகக்கூடாது. உண்மையான அடையாளத்தை எனக்கு மட்டும் அனுப்பு. காற்று விழுந்த பிறகு நல்ல சுழியோடிகளை வைத்து நானே போய்ப் பார்க்கிறேன். அதுவரை அவனை எப்படிப் பிடித்து வைப்பது என்பது என் பாடு.

கேமில் பொய் சொல்வது உனக்குக் கஷ்டமாக இருந்தால், அந்த இயக்கர் பெண்ணே வழி தவறிவிட்டாள் என்று வைத்துக்கொள். கதையில் அதற்கெல்லாம் இடமிருக்கும்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் செய். இதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை.

நஃபீஸா


கற்பிட்டி
சனிக்கிழமை

என் செல்லத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ கேமில் தீவை நகர்த்தியதையும் கண்டேன், தனியாக அனுப்பிய செய்தியையும் கண்டேன். படித்து மனதில் ஏற்றிக்கொண்டு அழித்துவிட்டேன். இவ்வளவு வருடம் அதை நீ தனியாகச் சுமந்திருக்கிறாய். அல்லாஹ் உனக்குக் கூலி தரட்டும்.

மின்ஹாஜுக்கு மூக்கு இரத்தம் நின்றுவிட்டது. காதில் இரைச்சல் இருக்கிறது. டொக்டர், காது ஆறும்வரை தண்ணீரில் தலையை நனைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

நேற்று ஜும்ஆவுக்குப் போய் வந்தவுடன் போனை எடுத்து உட்கார்ந்துவிட்டான். நான் சமையலறையில் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. பிறகு வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூணு பாகத் தண்ணிக்கு வாப்பா என்னத்துக்கு உம்மா டேங்க் கட்டினார்?"

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். "மாமா பொய் சொல்றார். நீங்க சொல்லச் சொன்னீங்க" என்றான். வியாபாரியின் பிள்ளையை ஏமாற்றப் பார்த்தது என் மடத்தனம். அடுப்பை அணைத்தேன். அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இடம் என்னிடம் இருக்கிறது, தரமாட்டேன், காற்று விழட்டும், எல்லோரும் சேர்ந்து போவோம் என்றேன்.

"நீங்க போட்ல ஏறினதே இல்ல. நீங்க சொல்ற இடத்தை நான் எப்படி நம்புறது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஒருமுறை பொய்ச் சரக்கைக் கொடுத்த கடையில் யார் மறுபடி வாங்குவார்கள்?

கடைசியில் அவன்தான் விலை சொன்னான். "காத்து விழுற வரைக்கும் கடல்ல கால் வைக்கமாட்டன். ஆனா மாமா வரணும். போட்ல நிண்டு கையால காட்டணும். வராட்டி நான் என்ட வழியில போவன்." கையை நீட்டினான். நான் "வருவார்" என்று கை கொடுத்துவிட்டேன்.

இத்தனை கால வியாபாரத்தில் கையில் இல்லாத சரக்கை நான் விற்றதில்லை. நேற்று விற்றுவிட்டேன். அந்தச் சரக்கு நீ.

அந்த நாளுக்குப் பிறகு நீ இந்தக் கரையை மிதிக்கவில்லை. நம் உம்மாவை அடக்கிய ஜனாஸாவுக்குக்கூடப் புத்தளத்தோடு வந்து திரும்பிவிட்டாய். ஏன் என்று நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. அப்போது உனக்குப் பதினைந்து வயது. மேலே வராத ஒருவருக்காகப் படகில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை நீ. அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

கச்சான் ஓய்ந்து வாடைக் காற்று தொடங்குமுன் சில நாட்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அந்த நாட்களுக்கு டிக்கெட் எடு. நானும் படகில் ஏறுகிறேன். இறங்கப்போவது தேர்ந்த சுழியோடிகள். மின்ஹாஜ் மேலே, உன் பக்கத்தில், அவர்களின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பான். ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். அப்படியானால் அந்த இடத்திலேயே துஆக் கேட்டுவிட்டு மூன்று பேரும் வீட்டுக்கு வந்து சோறு தின்போம்.

கடலைப் பார்க்க முடியாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திரு. மினாரா மேட்டுக்கு நடுவே வந்து, நீ அனுப்பிய இரண்டாவது அடையாளமும் நேரானதும் நான் சொல்கிறேன். அப்போது மட்டும் கண்ணைத் திறந்து கையை நீட்டு.

அந்தக் கைக்கு அல்லாஹ் பலம் தரட்டும். நான் கொடுத்த சொல்லைக் காப்பாற்று தம்பி. என் பிள்ளையை அதில்தான் கட்டி வைத்திருக்கிறேன்.

உன் வருகையைப் பார்த்திருக்கும் ராத்தா,
நஃபீஸா