கொட் மீன் சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறது, அப்பா?

எந்தக் குளிரும் இனித் தொட முடியாத என் அப்பாவுக்கு,

தம்பி தூங்கிவிட்டான். அம்மா படுத்துவிட்டார், தூங்கினாரோ தெரியாது. நான் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, தொட்டியின் விளிம்பில் இருந்து எழுதுகிறேன். அறையில் விளக்கைப் போட்டால் அம்மா எழும்பி வருவார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லலாம். எதற்குப் பயம் என்று கேட்டால் என்ன சொல்வது?

முதலில் பள்ளிக்கூடத்துச் செய்தி. ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு உயிரினத்தைப் பற்றி எழுதிப் பேச வேண்டும். நான் கொட் மீனை எடுத்தேன். நியூபவுண்லாந்துக் கடலில் மீன் அருகி, அரசாங்கம் கொட் பிடிப்பதை நிறுத்திய பிறகு தொலைக்காட்சியில் அந்த மீனைப் பற்றித்தான் பேச்சு. மிசிசாகாவில் குளிர்க் களஞ்சியத்தில் நீங்கள் பெட்டி பெட்டியாகச் சுமந்த மீன் அல்லவா அது? "உது மீனே? அவிச்ச பஞ்சு" என்று நீங்கள் சொல்ல, "பஞ்செண்டால் ஏன் திரும்பவும் சோத்துக் கோப்பையை நீட்டுறியள்?" என்று அம்மா கேட்பாரே, அந்த மீன். வேறு காரணம் அப்போது இருக்கவில்லை.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. நிறையச் சாப்பிட்டால் மீன் நிறைய வளரும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லையாம். சாப்பிட்டதில் கொஞ்சம் கழிவாகப் போய்விடும். சும்மா உயிரோடு இருப்பதற்கே கொஞ்சம் செலவு. சாப்பாட்டைச் செரிக்கவும் செலவு. நீந்த, இரையைத் துரத்த, வயது வந்தால் முட்டை வைக்க. எல்லாம் போக மிஞ்சுவதுதான் வளர்ச்சி. கொழுத்த சிறு மீன்கள் கூட்டமாக வந்தால் கொட் அதிகம் அலையாமல் வயிற்றை நிரப்பி, ஈரலில் கொழுப்பைச் சேர்த்துவிடும். பொடி இறால்தான் கிடைக்கும் என்றால் நாளெல்லாம் அலைய வேண்டும். தின்றது அலைச்சலுக்கே சரியாகிவிடும். செலவு வரவை மிஞ்சினால் முதலில் ஈரல் சுருங்கும், பிறகு சதை கரையும். நீளம் மட்டும் குறையாது. தலை பெரிதாகவும் உடம்பு ஒட்டிப்போயும் அதே மீன்தான் நீந்திக்கொண்டிருக்கும்.

அதை நூலகத்தில் வாசித்தபோது, கட்டிலில் கிடந்த உங்கள் கடைசி மாதம் ஞாபகம் வந்தது. புத்தகத்தின் மேல் இருந்த என் கையைப் பார்த்தேன்.

அப்பா, நான் மெலிகிறேன். சாப்பிடாமல் இல்லை. சோறு, பாண், தம்பி மிச்சம் வைப்பது எல்லாவற்றையும் சாப்பிடுகிறேன். பசி அடங்குவதே இல்லை. ஆனால் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, ஊசி குத்தித்தான் போடுகிறேன். படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. பஸ் தரிப்பில் எல்லாரும் நடுங்க எனக்கு மட்டும் வியர்க்கிறது. அந்த வியர்வையோடு இன்றுவரை மேலே இரண்டு சுவெற்றர், அம்மா என் கையைப் பார்த்துவிடக் கூடாது என்று.

நான் வளர்கிறேனா, தேய்கிறேனா? வளர்கிற வயதில் எல்லாரும் இப்படித்தானா? யாரைக் கேட்பது?

பிக்கரிங் அன்ரி தன் ஊரிலிருந்து காரில் வந்தபோது, "என்ன பிள்ளை, மொடல் மாதிரி வந்திட்டாய்! என்ர மகளுக்கும் உந்த ரகசியத்தைச் சொல்லிக் குடன்" என்று சிரித்தார். அவருடைய கார் வெளிக்கிட்டதும் அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் கையில் எடுத்தார். "உவவின்ர கண் பொல்லாத கண்."

நாவூறு கழிக்கும் முறை உங்களுக்குத் தெரியும். தலையைச் சுற்றி நெருப்பில் போட, மிளகாய் கமறினால் ஒன்றும் இல்லை. கமறாவிட்டால் கண் பட்டிருக்கிறது. இந்த மாடிக்கு வந்த புதிதில் அம்மா மிளகாய் போட்டு, புகை மணி அலறி, கட்டடக் காவலாளி ஓடி வந்தாரே? அன்றிலிருந்து அம்மா அடுப்புக்கு மேலே உள்ள புகை இழுக்கும் விசிறியை முழு வேகத்தில் போட்டுவிட்டுத்தான் மிளகாய் போடுவார். பிறகு மூக்கை நீட்டி மணந்து பார்ப்பார். "பாத்தியே, ஒரு கமறலும் இல்லை. எவ்வளவு கண் பட்டிருக்கு!" உங்களுக்கும் அப்படித்தான் கழித்தார். வாரத்துக்கு வாரம் கழித்தார். அதற்குள் காலம் போய்விட்டது.

உங்கள் செத்தவீட்டில் அம்மா சொன்னதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். "இனி ஒரு ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கமாட்டன்" என்றார். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்லியிருப்பேன்?

ரீச்சரிடம் மீனைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டேன். ஒரு மீன் நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால் என்ன காரணம்? "எத்தனையோ இருக்கலாம்" என்றார். தொட்டியில் வளரும் மீன் என்றால் போட்ட தீனி தெரியும். கடல் மீனின் வயிற்றைத் திறந்தால் கடைசியாகத் தின்றது தெரியும். காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லின் வளையங்களில் வயதும் வளர்ந்த விதமும் தெரியும். எதற்கு எவ்வளவு செலவழித்தது என்பதுதான் கண்ணுக்குத் தெரியாதாம். "தூர நின்று சொல்ல முடியாது. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றவர், என் சுவெற்றரைப் பார்த்தார். "நீ மீனைப் பற்றித்தான் கேட்கிறாயா?"

"மீன்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று பின்னேரம் அம்மா மறுபடியும் என்னை அடுப்படியில் இருத்திச் சுற்றினார். விசிறி இரைந்தது. மிளகாய் கருகிய புகை நேரே மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன வந்ததோ, எழும்பி விசிறியை நிறுத்திவிட்டேன்.

ஒரு மூச்சு விடுவதற்குள் கமறிவிட்டது. அம்மா இருமினார். நான் இருமினேன். புகை மணி அலற, தம்பி ஓடி வந்து, "அக்கா, வீடு பத்துதோ?" என்று கத்தினான்.

"கமறுது" என்றார் அம்மா, கண்ணெல்லாம் நீராக.

"நாவூறு இல்லை அம்மா."

"அப்ப என்னடி?"

நான் சுவெற்றரின் கையை இழுத்து விரல்களை மூடினேன். அம்மா கிட்ட வந்து என் இரண்டு சுவெற்றரையும் ஒன்றாகக் கழற்றினார். அந்தப் புகைக்குள் என் தோளைத் தொட்டு, முழங்கையைத் தொட்டு, ஊசி குத்திய இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஏசவில்லை. "எப்ப தொடக்கம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"விடியவே டொக்டரிட்டைப் போறம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போ எண்டால் அங்கையும் போறம்."

"நீங்கள் வாசலை மிதிக்கமாட்டன் எண்டனீங்களே?"

"மிதிக்காமல் பாஞ்சு கடந்து வாறன். வாயை மூடிக்கொண்டு யன்னலைத் திற."

அப்பா, நான் செய்தது சரியா? நாவூறு என்று இருந்தவரை அம்மாவுக்குத் திட்ட ஒரு பிக்கரிங் அன்ரி இருந்தார். திட்டிவிட்டுத் தூங்கினார். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. உங்களுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கிறதா? இல்லை, மருந்து கொடுத்தால் மாறிவிடும் சின்ன விஷயமா? இரண்டையும் மாறி மாறி நம்புகிறேன்.

உங்களிடம் டொக்டர் சாப்பாடு எப்படி என்று கேட்டபோது, எனக்குப் பக்கத்தில் இருந்து "ஈற்றிங் குட்" என்று உங்கள் ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். அவரும் "குட், குட்" என்றார். நீங்கள் மெலிவதை நீங்களும் சொல்லவில்லை, மொழிபெயர்க்க வந்த நானும் சொல்லவில்லை. அத்தோடு நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நாளைக்கு நான் சாப்பாட்டோடு நிறுத்த மாட்டேன். பசியை, படபடப்பை, வியர்வையை, எல்லாவற்றையும் சொல்வேன். பிறகு டொக்டர் என்ன சொன்னாலும், அது எந்தச் சொல்லாக இருந்தாலும், குறைக்காமல் மறைக்காமல் அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மூத்த பிள்ளை,
தர்ஷினி