எந்தக் ‘கல்’?

இன்று காலை ஜங்லிகாட்டில் உன் வீட்டுச் சந்துக்குள் நுழைந்ததும் ஈரச் சிமெண்ட் வாசம் அடித்தது. புதுக் குழாய் மேடை. உன் மருமகள், “இப்பத்தான் வந்துச்சு அத்த, குடிச்சுப் பாருங்க” என்று சொம்பை நீட்டினாள். துருவும் குளோரினும் கலந்த தண்ணீர்தான். ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைக் குடிக்க நீ இல்லையே.

டெலானிபூரில் என் அரசுக் குவார்ட்டர்ஸில் அப்போதும் குழாய் இருந்தது. உன் சந்துக்குக் கிடையாது. புறம்போக்கு, பட்டா இல்லை, ஆகவே இணைப்பும் இல்லை என்றார்கள். ஸ்கூட்டரில் கேன்களைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாய். பிடித்து முடித்ததும் வம்புக்கு இழுப்பாய்: “உன்னைய கார் நிக்கோபாருக்குத் தூக்கியடிச்சா என் தண்ணியும் கப்பலேறிரும்டி!” நானும் சிரிப்பேன். நீ போன பிறகு சிரிப்பு நிற்காது.

ஒருமுறை தண்ணீர் பற்றிப் பேசக் கூட்டிய வார்டு கூட்டத்தில் நம் ஆட்கள், வங்காளிகள், தெலுங்கர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. அதிகாரி வழக்கம்போல இந்தியில், “கல் ஹோ ஜாயேகா” என்றார். நாளைக்கு ஆகிவிடுமாம். நீ முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாய்.

“சாப், கௌன்சா கல்?”

எந்தக் ‘கல்’? இந்தியில் நேற்றும் ‘கல்’, நாளையும் ‘கல்’. நீ என் பக்கம் திரும்பி, கூடமே கேட்கும்படி தமிழில் சொன்னாய்: “கல்யாணமாயி வந்ததுலருந்து இந்தக் கல்லத்தான்டி சுமக்குறேன்!”

நம் ஆட்கள் சிரித்தார்கள்; அர்த்தம் கேட்டு மற்றவர்களும் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்காமல், கானூன், அதாவது சட்டம், இடம் கொடுக்காது என்றார். “கானூன் மனுசன் எழுதுனதுதானே சாப், மாத்தி எழுதுங்க. பட்டா இல்லாத வீட்டுக்கு ஓட்டு கேக்க மட்டும் வழி தெரியுதுல்ல?” என்றாய். சட்டம் என்றால் மழை மாதிரி, பெய்தால் பெய்யும் என்று இருந்தவள் நான். அன்றுதான் அதையும் கேட்டு வாங்கலாம் என்று எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நீ ஒரு கூட்டத்தையும் விடவில்லை. ஒருவழியாக, குடியிருப்பதற்கு அத்தாட்சி இருந்தால் போதும் என்று விதியைத் திருத்தினார்கள். குழாய் பதிக்க வருவதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. பாவி, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

உன் சந்துக்கு மேலே மேட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் தண்ணீர் ஏறவில்லை. இன்று மாலை அதற்கான கூட்டம். புதிய அதிகாரி, பழைய பதில்: “கல் தேக்கேங்கே.” நாளைக்குப் பார்க்கலாமாம். எல்லோரும் தலையாட்டினார்கள். அரசு வேலையில் இருப்பவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் எழுந்துவிட்டேன்.

“சாப், கௌன்சா கல்?”

கூடம் திரும்பிப் பார்த்தது. அவர் என் பெயரையும் அலுவலகத்தையும் கேட்டார். சொன்னேன். நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு தேதியைச் சொன்னார்.

கார் நிக்கோபாருக்குத் தூக்கியடித்தால் அடிக்கட்டும்டி. உன் தண்ணீர் இனிமேல் கப்பலேறாது.