பெவன் என்ற பெயர் வராவிட்டால்

ஜூன் 3, டனீடன்

பிவாக்காவின் புதுப் பதிப்பைச் செட்டப் கோப்பாகக் கட்டி முடித்தேன். நிரல் எழுதுகிறவர்களுக்கு ஜன்னல், பொத்தான் எல்லாம் திரையில் வரைந்து தருகிற இலவசக் கருவிப்பெட்டி. எழுதுவது என் கொழுந்தன் ரோரி. கட்டி வெளியே அனுப்புவது நானும் என் கணவர் பெவனும். நானும் பெவனும் என்றுதான் இன்னமும் எழுத வருகிறது. மார்ச்சிலேயே போய்விட்டார்.

பழைய பதிப்பில் அச்சடிக்கப் போனால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். இதில் சரிசெய்தாயிற்று. கையொப்பம்தான் பாக்கி.

ஜூன் 4

சீஸ் ரோல் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஜூன் 6

ரோரி வந்தான். செட்டப்பைத் திறந்தால் கணினி 'வெளியிட்டவர்' என்று ஒரு பெயரைக் காட்டுமே, அதற்கான கையொப்பச் சாவி பெவன் பெயரில் இருக்கிறது. கடவுச்சொல் எனக்குத் தெரியும். அதையே போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"அண்ணன் கையெழுத்தை இனிமே நாம போடக் கூடாது அண்ணி. உங்க பேர்ல புதுசு வாங்கியாச்சுல்ல? டிராயர்ல தூங்குது."

"போடறேன்டா. பிடுங்காதே."

"நானா பிடுங்கறேன்? சமோவாவுல அந்த வாத்தியார் ஃபெலெட்டி உயிரை எடுக்கறாரு. பசங்க பிராஜெக்டை அச்சடிச்சாகணுமாம்."

தலையைக் குனிந்துகொண்டேதான் பேசினான். அவனுக்கும் அண்ணன்தானே. எனக்கு ஏன் அழுகைகூட வரமாட்டேன் என்கிறது?

ஜூன் 10

போட்டேன். வெளியிட்டவர்: நைரி ஸ்ட்ராகன். எங்கள் இணையப் பக்கத்தில் ஏற்றியும் விட்டேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஜூன் 12

ஃபெலெட்டி போன் செய்தார். வழக்கமாகப் பெவனோடுதான் பேசுவார்.

"யாரும்மா இந்த நைரி? பெவன் பேரைக் காணோம். தெரியாத பேரு, ஆபத்துன்னு கணினி வேற கத்துது. தொடாதீங்கடான்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன்."

"நான்தாங்க நைரி. அவர் மனைவி."

"அப்படின்னு யாரு வேணா சொல்லலாம். போனைப் பெவன்கிட்ட குடுங்க."

எங்கே போய்க் கொடுப்பேன்? வெளியூர் போயிருக்கிறார் என்றேன். ஐயோ, அப்படியா சொன்னேன் —

பிறகு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பதிவிறக்கும் பொத்தானுக்குக் கீழே பெவன் என்றைக்கோ எழுதியது அப்படியே இருக்கிறது: 'பெவன் ஸ்ட்ராகன் என்ற பெயர் வராவிட்டால் நிறுவாதீர்கள். அது நான் அனுப்பியது இல்லை.' இவர் சொன்னதைத்தானே அந்த மனுஷர் கேட்கிறார்.

ஜூன் 13

அந்த வரியை எடுத்தாக வேண்டும். கை போகவில்லை.

ஜூன் 14

இன்றும் இல்லை. வெளியே ஆலங்கட்டி மழை.

ஜூன் 17

அழித்தேன். அந்த இடத்தில் எழுதியது: 'பெவன் மார்ச்சில் இறந்துவிட்டார். இனி என் பெயர் வரும். நைரி ஸ்ட்ராகன், அவர் மனைவி.' ரோரிக்குப் படித்துக் காட்டினேன். "ம்" என்றான். ஃபெலெட்டியிடம் அவனே போனில் சொல்லிவிடுவதாகச் சொன்னான். என்னால் முடியாது.

ஜூன் 24

ஃபெலெட்டி மறுபடி கூப்பிட்டார். குரலே இறங்கியிருந்தது.

"அக்கா, அன்னைக்குத் தெரியாம பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல. செட்டப் ஓடுதா?"

"பசங்க கணினி எல்லாத்துலயும் போட்டாச்சு, ஜம்முனு அச்சடிக்குது. என்னுதுல மட்டும் பழசையே விட்டுட்டேன்."

"ஏன்? அதுல அச்சடிச்சா நின்னுடுமே."

"நின்னா நிக்கட்டும்க்கா. அதுல அவர் பேரு இருக்குல்ல."

போனை வைத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடியே அழுதேன். வாய்விட்டு.