தீர்வை கட்டின தண்ணீர்

சங்கக்கடையில் பருப்புச் சுற்றித் தந்த பத்திரிகைத் தாளை நேற்று விரித்துப் பார்த்தேன். கென்யா, உகண்டா, தன்சானியா மூன்றும் ஏதோ புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதாக ஓரத்தில் நாலு வரிச் செய்தி. பருப்பைப் பேணியில் கொட்டிவிட்டு, தாளும் கையுமாக உம்முடைய அறை வாசல்வரை போய்விட்டேன். அங்கே இப்போது சங்கீத ரீச்சர் இருக்கிறா. "என்ன அக்கா, ஏதும் வேணுமே?" என்று கேட்டா. ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தேன்.

பூநகரிப் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் இரண்டு ரீச்சர்மாரும் ஒரே தவணையில்தான் மாற்றலாகி வந்தோம். கிடுகு வேய்ந்த வீடு, இரண்டு அறை, ஒரு குசினி. நீர் லண்டன் சோதனைக்குத் தபாலில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தீர். கிழக்கு ஆபிரிக்காவின் சுங்க ஒன்றியம் பற்றி அந்தப் பாடத்தில் இருந்ததே அரைப் பக்கம்தான். நீர் அதைப் பிடித்துக்கொண்டு, கிடைத்த புத்தகமெல்லாம் தேடி, தமிழில் ஒரு வரலாறு எழுதத் தொடங்கினீர். ஆபிரிக்காக்காரன் கட்டின வரி பூநகரியில் ஆருக்கு வேண்டும் என்று நான் பகிடி பண்ணினேன். "எங்கட நாட்டிலயும் ஆர் ஆரோட எப்பிடிச் சேர்ந்திருக்கிறதெண்டுதானே கதை," என்றீர்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவீர். உகண்டாவுக்குக் கடல் இல்லை. அதற்குப் போகும் சாமான் எல்லாம் கென்யாவின் மொம்பாசாத் துறைமுகத்தில்தான் இறங்கவேண்டும். ஒரே வெள்ளைக்காரன் ஆளும் இரண்டு நிலங்களுக்கு நடுவே ஏன் ஒரு சுங்கப் படலை போட்டு மறிக்கவேண்டும் என்று கேட்டு, முதலில் அந்த இரண்டையும் சேர்த்தார்கள். பிறகு, இப்போது தன்சானியாவாகிவிட்ட தங்கனிக்காவும் வந்தது. துறைமுகத்தில் ஒருமுறை தீர்வை கட்டினால் போதும், உள்ளே எந்தப் பெட்டியையும் மறுபடி திறக்கமாட்டார்கள். அந்த இடத்தை வாசிக்கும்போது உமது குரலில் ஒரு சந்தோசம் இருக்கும். தொழிற்சாலைகள் எல்லாம் கென்யாப் பக்கமே வளர, மற்ற இரண்டும் அந்தச் சாமானைக் கூடின விலைக்கு வாங்கி, வரவேண்டிய வரியையும் இழந்த கதைக்கு வரும்போது குரல் இறங்கிவிடும். "நட்டப்பட்டவன் வாய் திறக்காட்டி, எல்லாம் ஒற்றுமையா இருக்குதெண்டு மற்றவை நினைச்சுக்கொண்டிருப்பினம்," என்று ஒருநாள் சொன்னீர்.

ஒருமுறை தீர்வை கட்டினால் போதும் என்ற அந்தச் சட்டத்தைத்தான் எங்கள் குசினிக்கும் கொண்டுவந்தீர். வளவுக் கிணறு உவர். நல்ல தண்ணீருக்கு அரை மைல் நடக்கவேண்டும். யார் முறைக்கு யார் அள்ளிவருகிறாரோ, அவரே கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பானையில் ஊற்றவேண்டும். பானைக்குள் வந்துவிட்டால் கொதித்ததா என்று மற்றவர் கேட்கக்கூடாது. "பானைக்கு வந்தது தீர்வை கட்டின தண்ணி. பிறகும் கேட்டால் பிறகென்ன ஒன்றியம்?" என்று சிரிப்பீர். நாங்கள் கேட்டதில்லை.

மார்கழி மழை விடாமல் பெய்த கிழமை அது. என்னுடைய முறை. விறகெல்லாம் நனைந்து, அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. உம்முடைய மேசைக்கு மேலே கூரை ஒழுகத் தொடங்கியது, வரலாறு எழுதின கொப்பிகள் எல்லாம் அங்கேதான். ஒழுக்குக்குக் கீழே வைக்கக் குடம் வேண்டியிருந்தது. அதிலிருந்த கொதிக்காத தண்ணீரைப் பானையில் ஊற்றிவிட்டு ஓடினேன். பின்னேரம் எடுத்துக் கொதிக்கவைக்கலாம் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் நீர் நனைந்து வந்து, நேரே குசினிக்குப் போய் மூக்குப்பேணியில் இரண்டு தரம் வார்த்து அண்ணாந்து குடித்தீர். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எங்கள் சட்டத்தை உடைத்தவள் நான் என்று ஆகும். ஒருநாள் தண்ணீர் என்ன செய்துவிடும் என்றும் நினைத்தேன். நீர் உடை மாற்றப் போனபின் பானையை வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தேன்.

இரண்டு கிழமை கழித்து உமக்குக் காய்ச்சல் தொடங்கியது. சாதாரணக் காய்ச்சல் என்று நீரும் சொன்னீர், நானும் நம்ப விரும்பினேன். இறங்காமல் நின்றபோதுதான் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டோம். காற்று அடித்து, சங்குப்பிட்டியில் எங்களைக் கடல் கடத்தவேண்டிய பாதைப் படகு அன்று முழுவதும் ஓடவில்லை. கரையில் நிறுத்திய காருக்குள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தீர். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மறுநாள் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் நெருப்புக் காய்ச்சல், அதுதான் தைபொயிட், என்றார்கள், பிந்திவிட்டது என்றும் சொன்னார்கள்.

பூவரசங்குளத்திலிருந்து பஸ் மாறி மாறி உம்முடைய அம்மா வந்து சேர்ந்தா. கட்டிலருகே நின்றபடியே என்னைத்தான் முதலில் கேட்டா.

"வீட்டில தண்ணி கொதிக்கவைக்கிறேல்லையே, பிள்ளை?"

நீர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர். பிறகு அம்மா பக்கம் திரும்பினீர்.

"வீட்டுத் தண்ணி இல்லையம்மா. நான்தான் பள்ளிக்கூடக் கிணத்தில களவாக் குடிச்சனான்."

பள்ளிக்கூடக் கிணற்றில் நீர் ஒருநாளும் குடித்ததில்லை. அது எனக்குத் தெரியும். பானை கவிழ்ந்து கிடந்ததை நீர் எப்போது பார்த்தீர், எப்போது விளங்கிக்கொண்டீர் என்பதுதான் தெரியாது. கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் விடியமுன் போய்விட்டீர்.

வருடாவருடம் திவசத்துக்குப் போகிறேன். அம்மா எனக்கென்று தனியாக ஒரு பாய் எடுத்துவைத்திருக்கிறா. உம்முடைய கொப்பிகளையும் எனக்கே தந்துவிட்டா. தங்கனிக்கா பற்றிய அதிகாரம் நடுவரியில் நிற்கிறது. அதை எழுதி முடிக்க எனக்கு அறிவு போதும், கை போகவில்லை.

போன மாதமும் போனேன். படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு, அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. உம்முடைய படத்தைப் பார்த்தபடி, கோபம் இன்னும் ஆறாத குரலில் சொன்னா:

"சின்னனிலயே சொல்வழி கேளாதவள். கண்ட கிணத்திலயும் குடிச்சுத் தன்ர உயிரைக் குடுத்திட்டாள். நீயெண்டால் கவனமான பிள்ளை. உன்னைப் பார்த்தாவது பழகியிருக்கலாம்."

"ஓம் அம்மா," என்றேன்.

கவனமான பிள்ளை என்ற அந்தப் பெயரோடு பஸ் ஏறி வந்தேன்.