என் குவளையா, உங்கள் குழாயா?

அனுப்புநர்:
ஷெஹாத்தா அப்தெல் மவ்கூத்,
இஸ்திரிக் கடை, பேக்கரிக்கு எதிர்ப்புறம்,
எஸ்பத் எல்-தூத், கெய்ரோ.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வட்டார சுகாதார அலுவலகம்,
இரண்டாம் மாடி, மின்விசிறி ஓடாத அறை,
கெய்ரோ.

பொருள்: எஸ்பத் எல்-தூத் தெருக் குடிநீர்க் குழாயைச் சோதித்து, என் தங்கை மகள் நவாரா ஸனூசி எதனால் இறந்தாள் என்று எழுத்துமூலம் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஆய்வறிக்கை, நாள் 20.7.2022.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மீது அமைதி உண்டாகட்டும். முப்பத்தொரு ஆண்டுகளாக இத்தெருவில் இஸ்திரிப் பெட்டி பிடித்து, குறைத்துச் சொன்னால் நாற்பது லட்சம் சட்டைகளின் சுருக்கம் நீக்கி, இம்மாநகரம் கசங்கிப் போகாமல் காத்துவருபவன் நான். தங்கள் அலுவலகத்தில் எவருடைய கழுத்துப்பட்டையாவது கத்தி போல் நின்றால் அது என் கைவேலை. பெருமைக்காக இதை எழுதவில்லை. பார்வையில் கண்ட அறிக்கை என்னை ‘உரிமம் பெறாத தண்ணீர்ப் பெட்டியின் உரிமையாளர்’ என்று மட்டும் குறிப்பிடுவதால், மீதியையும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

2. மேற்படி பெட்டியின் வரலாறு பின்வருமாறு. என் தங்கை ஃபிக்ரிய்யாவின் கணவர் ஸனூசி சென்ற குளிர்காலத்தில் காலமானார். இறந்தவர் பேரில் தெருவில் குளிர்நீர்ப் பெட்டி வைப்பதும், குடிப்பவர்கள் அந்தப் புண்ணியம் அவரைச் சேரட்டும் என்று பாத்திஹா பிரார்த்தனை ஓதிவிட்டுப் போவதும் நாம் எல்லோரும் செய்வதுதான். தங்கள் அலுவலக வாசலிலேயே ஒன்று இருக்கிறது. நாற்பதாம் நாள் என் கடைச் சுவரோரம் மூன்று குழாய் வைத்த பெட்டி ஒன்றை நிறுவினேன். பிரமிடு கட்டி முடித்த அரசனுக்குக்கூட அன்று எனக்கிருந்த கர்வம் இருந்திருக்காது. ஸனூசியின் பெயரைப் பச்சை எழுத்தில் எழுதி, சங்கிலியில் ஓர் அலுமினியக் குவளையைக் கட்டினேன். குடும்பத்தார்தான் முதலில் குடிக்க வேண்டும் என்பதால், முதல் குவளையை அவருடைய ஒரே மகள் நவாரா குடித்தாள். வயது இருபத்திரண்டு.

3. பெட்டிக்குத் தண்ணீர் வந்த வழியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்குழாய் ஆதம் நபி காலத்தில் புதைக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே, அவருடைய பிள்ளைகள் காலத்துச் சாக்கடைக் குழாயும் செல்கிறது. சுற்றுச்சாலைக்கு அப்பால் மதில் கட்டிய புதுக் குடியிருப்பு வந்ததிலிருந்து, எங்கள் பக்கம் தண்ணீர் ஏறுவதில்லை. அங்கே புல்தரை காலை மாலை இருவேளையும் வயிறு நிறையக் குடிக்கிறது. ஆகவே இங்கே வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்துத் தெருக்குழாயிலிருந்து நேராக இழுக்கிறோம். நானும் பெட்டிக்கு ஒரு மோட்டார் வைத்தேன். அது தவறு என்று அன்று எனக்குத் தெரியாது. தெருவில் எவருக்கும் தெரியாது.

4. நவாரா அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டில் துப்புரவு வேலை பார்த்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் டம்ளர், தரை துடைக்கும் துணிகளோடு ஒரே அலமாரியில் இருந்தது. அவள் அதைத் தொட்டதில்லை. காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை நாக்கு ஒட்டக் கிடந்துவிட்டு, இங்கே வந்து அவள் அப்பா பெயரில் உள்ள பெட்டியில் குடிப்பாள். ஒன்றல்ல, இரண்டு மூன்று குவளை. ஒவ்வொரு குவளைக்கும் ஒரு பாத்திஹா. ஒட்டகம்கூட அவளிடம் பாடம் கேட்க வேண்டும்.

5. ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் அவள் குவளையை முகர்ந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். அவள் கேட்டதும் நான் சொன்னதும் இந்த மனுவுக்கு அவசியமானவை என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

“மாமா, இதென்ன வாடை? எங்க அப்பாவுக்கு இதுதான் போய்ச் சேருதா?”

“பங்களாவுல வேலை பார்த்து உன் மூக்கு பாஷா மூக்கு ஆயிடுச்சுடி. துருப்பிடிச்ச குழாய்னா அப்படித்தான் இருக்கும். மூக்கைப் பொத்திக்கிட்டுக் குடி.”

அவள் சிரித்துக்கொண்டே மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். நானும் சிரித்தேன். இந்த வேடிக்கைப் பேச்சால்தான் எனக்குத் தெருவில் பெயர்.

6. அதே மாதத்தில் எங்கள் தெருவில் குடல் காய்ச்சல் பரவியது. செய்தி மதிலைத் தாண்டிய மறுநாளே குடியிருப்பின் வாசலில், கொரோனா காலத்தில் நெற்றியில் சூடு பார்த்த கருவியை மறுபடி வெளியே எடுத்தார்கள். காவலாளியும் எங்கள் பக்கத்து ஆள்தான். “எஸ்பத் பொண்ணா? அப்ப ரெண்டு தடவை நெத்தியக் காட்டு. சூடு இருந்தா இப்பவே திரும்பிடு தாயி, மேடம் என் தோலை உரிச்சுருவாங்க” என்பானாம். சூடு தெரிந்தவளுக்கு அன்றோடு வேலை போய்விடும். ஆகவே எங்கள் பெண்கள் விடியற்காலையில் மாத்திரை விழுங்கி, நெற்றியில் ஈரத்துணி போட்டு, வாசலைக் கடந்தார்கள். நவாரா ஒன்பது நாள் அப்படிக் கடந்தாள். பத்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றும், ஒரு வாரம் முந்திக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். ஜூலை 14 அன்று அவள் இறந்தாள்.

7. இதற்கு ஆறு நாள் கழித்துத் தங்கள் அலுவலகத்திலிருந்து இருவர் வந்தனர். சங்கிலிக் குவளையைக் கண்டதும் அவர்களுக்குப் பெரும் மகிழ்ச்சி. மூத்தவர், “ஒரே குவளையில தெரு மொத்தமும் குடிச்சா காய்ச்சல் வராம கல்யாணப் பத்திரிகையா வரும்?” என்றார். நான், “ஐயா, அந்தக் குழாயையும் ஒரு தடவை பார்த்துடுங்க” என்று கேட்டுக்கொண்டேன். “குழாய் தண்ணி ஆபீஸ் சமாச்சாரம் பெரியவரே. எங்க வேலை கிருமி மட்டும்தான்” என்றார். தண்ணீர் அலுவலகத்துக்குப் போனேன். காய்ச்சல் சுகாதாரத் துறையின் சமாச்சாரம் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் நான் நடந்த நடைக்கு இரண்டு முறை மக்கா போய்வந்திருக்கலாம். இதற்குள் பெட்டியில் சிவப்பு அரக்கு முத்திரை விழுந்தது. காய்ச்சலுக்குக் காரணம் மேற்படி பெட்டியும் தெருவாசிகளின் சுகாதாரமற்ற பழக்கங்களும் என்று எழுதி, கோப்பினை மூடிவிட்டார்கள். நாற்பத்தொரு பேர் படுத்த தெருவில் ஒரு போத்தல் தண்ணீர்கூட மாதிரிக்காக எடுக்கப்படவில்லை.

8. ஆகஸ்டில் குடியிருப்பில் ஒரே ஒருவருக்கு, அதுவும் சந்தேகத்தின் பேரில், காய்ச்சல் கண்டது. அன்று மதியத்துக்குள் இரண்டு வண்டிகள் வந்து ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் மாதிரி எடுத்தன. நீச்சல் குளத்திலும் எடுத்தன. பூந்தொட்டிக்கு ஊற்றும் ரப்பர் குழாயிலும் எடுத்ததாகக் கேள்வி. அவர்கள் நலமாயிருக்கட்டும், அதில் எனக்கு மனக்குறை இல்லை. வண்டிகள் எங்கள் தெரு முனையைச் சுற்றிக்கொண்டுதான் திரும்பின. நான் கடையிலிருந்து கையைக் காட்டினேன். ஓட்டுநர் மரியாதையாகப் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

9. இப்போது முக்கியமான செய்தி. பெட்டிக்கு முத்திரை விழுந்து ஏழு வாரம் கழித்து, என் கடைக்கு மேல் நான்காம் மாடியில் இருக்கும் தவ்ஹீதா அம்மாளுக்கு அதே காய்ச்சல் வந்தது. அவர் கால் விழுந்தவர்; படியிறங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கட்டிலுக்குப் பக்கத்துக் குழாயில் பிடித்த தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிப்பதில்லை. நான் பார்க்கப் போனபோது, “உன் பெட்டி எந்த நிறம்னுகூட எனக்குத் தெரியாது ஷெஹாத்தா. உன் பேரைக் காப்பாத்தத்தான் காய்ச்சல்ல விழுந்திருக்கேன், சந்தோஷப்படு” என்றார். அவருக்குப் பின் இதுவரை பதினொரு பேர் படுத்திருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்த ஒரு பொறியாளர் என்னிடம் விளக்கினார்: குழாயில் தண்ணீர் இல்லாத வேளையில் மோட்டார் இழுத்தால், விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையைத்தான் இழுக்கும்.

10. இதைக் கொண்டு நான் என்னை விடுவித்துக்கொள்ளலாம் என்று தாங்கள் எண்ணலாம். என்னால் முடியவில்லை, ஐயா. இழுத்த மோட்டார்களில் ஒன்று என்னுடையது. அந்தக் குவளையை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதான் கழுவினேன். வாடை அடிக்கிறது என்று அவள் சொன்னபோது வேடிக்கை பேசினேன். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துப் பார்த்து, கையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றபடி மூன்று சட்டைகளைக் கருக்கிவிட்டேன். முப்பத்தொரு ஆண்டுகளில் இது முதல்முறை.

11. தங்கள் அறிக்கையின் நகலை யாரோ என் தங்கைக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அதில் என் பெயர் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. அன்றிலிருந்து அவள் எனக்குக் கதவு திறப்பதில்லை. நான் தினமும் ரொட்டியை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். மறுநாளும் அது அங்கேயே இருக்கிறது. ஒரே ஒருமுறை கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். “அண்ணே, என் புள்ளைக்கு நீ என்னத்தக் குடிக்கக் குடுத்தே?” என்றாள். தெருவில் எதற்கும் பதில் வைத்திருப்பவன் என்று பேர் எடுத்தவன் நான். அன்று ரொட்டியை வாசலில் வைத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன். எனக்கே தெரியாததை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

12. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

அ) தெருக்குழாயில் மூன்று இடங்களிலும், முத்திரையிட்ட என் பெட்டிக்குள் இன்னும் மீதமிருக்கும் தண்ணீரிலும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். மாதிரி எடுக்க வருபவர்களின் சட்டைகளை ஆயுள் முழுவதும் நான் இஸ்திரி போட்டுத் தருகிறேன். இதை லஞ்சமாகக் கருத வேண்டாம், மரியாதை.

ஆ) குழாய் கெட்டிருந்தால் மாற்ற வேண்டும், மாற்றும்வரை தண்ணீர் லாரி அனுப்ப வேண்டும். இன்றுகூட இத்தெருக் குழந்தைகள் அதைத்தான் குடிக்கிறார்கள்.

இ) சோதனை முடிவை எனக்கு அனுப்ப வேண்டாம். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் போய் என் தங்கை ஃபிக்ரிய்யாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பேக்கரிக்கு மேல் மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு. என் வார்த்தையை அவள் இனி நம்பமாட்டாள். முத்திரை வைத்த தாளை நம்புவாள். குழாய்தான் என்று வந்தால், குழாய் என்று சொல்லுங்கள். குவளைதான் என்று வந்தாலும் வயதானவன் என்று இரக்கப்பட்டு மாற்றிப் படிக்க வேண்டாம். உள்ளதை உள்ளபடி படியுங்கள். அவள் கேட்கட்டும். நான் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டிருப்பேன்.

இடம்: எஸ்பத் எல்-தூத், கெய்ரோ
நாள்: 9.10.2022

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஷெஹாத்தா அப்தெல் மவ்கூத்
நவாராவின் தாய்மாமன்