இடது காதில் சொன்னது

மார்ச் 4, செவ்வாய்

ஜூடோ வகுப்பில் விதிப்பலகைக்கு இன்று புது எழுத்து. பழைய பெயின்ட் உரிந்துவிட்டது. "எழுதுறது உங்க தொழில்தானே சார்" என்று மாஸ்டர் பிரஷ்ஷை என் கையில் திணித்தார். நகம் வெட்டி வரவும். மேட் விரிப்பின் மேல் செருப்பு கூடாது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜோடிக்குக் குனிந்து வணங்கவும். பிடி தாங்காமல் ஜோடி தட்டினால் விடவும். கை மாட்டிக்கொண்டால் வாயால் 'விடு' என்று சொல்லவும்; அந்த நொடியே விடவும்.

சலூன்காரர் பின்னால் நின்று படித்தார். "கடைசி வரி சரிஞ்சு போகுதே சார். உங்க கிருதாவை நான் இப்படி இறக்கினா சும்மா விடுவீங்களா?"

பதினோரு வருடமாக அவர்தான் என் ஜோடி. ஒரே எடை, என்னைவிட ஆறு வயது சின்னவர். வாரம் இரண்டு நாள் மேட்டில் இருவரும், மாதம் ஒருமுறை அவர் நாற்காலியில் நான்.

மார்ச் 6, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை ஆறே கால், மூன்றாவது ஆட்டம். அவர் கவிழ்ந்து கிடந்தார். அவருடைய வலது கையை நீட்டி, முழங்கைக்கு மேலே என் இடது அக்குளை வைத்துப் பூட்டியிருந்தேன். அவருடைய இடது கை அவர் நெஞ்சுக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டது. தட்ட முடியாது. முகம் என் இடது தோளுக்குப் பின்னால். நான் பாரத்தை இறக்கினேன். எதுவும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். என் விலாவோடு ஒட்டியிருந்த அவர் முழங்கையில் ஏதோ விட்டுப்போனதை உணர்ந்தேன். அப்புறம் அவர் அலறினார். அது கேட்டது.

முடிவு வணக்கம் செய்யவில்லை. யார் நின்றோம், யார் குனிய?

ஆட்டோவில் அவரை ஏற்றிவிட்டு மாஸ்டர் விபத்துப் பதிவேட்டை என்னிடம் நீட்டினார். "நீங்களே எழுதிடுங்க சார், தெளிவா இருக்கும்."

தெளிவாகத்தான் எழுதினேன். "ஜோடியிடமிருந்து தட்டலோ குரலோ வரவில்லை."

முப்பது வருடம் செய்தி எழுதியவன். 'எனக்குக் கேட்கவில்லை' என்பதும் 'வரவில்லை' என்பதும் ஒன்றா?

மார்ச் 7, வெள்ளி

இடது காது. இரண்டு வருடம். இந்த நோட்டில்கூட இன்றுதான் முதல்முறை எழுதுகிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரி. தோளிலிருந்து மணிக்கட்டு வரை கட்டு. நானும் மாஸ்டரும் போயிருந்தோம். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நான் சொன்னேனே சார். ரெண்டு தடவை சொன்னேன். விடு, விடுன்னு."

என்னை முந்திக்கொண்டு மாஸ்டர் பேசினார். "சொல்லியிருந்தா சார் விட்டிருக்க மாட்டாரா? வீம்புக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்ப. ரிஜிஸ்டர்லயே எழுதியிருக்கு."

சலூன்காரர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தேன், மூடினேன். ஒரு வார்த்தை போதும். வாயில் வந்து நின்றது.

வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஏன் மறைத்தேன் என்று என்னையே பேட்டி எடுத்துப் பார்க்கிறேன். காது கேட்காத நிருபரைச் செய்தி சேகரிக்க வெளியே அனுப்பமாட்டார்கள். மேசையில் உட்காரவைத்து அடுத்தவன் எழுதியதைத் திருத்தச் சொல்வார்கள். அதனால் எந்தக் கூட்டத்திலும் மேசையின் இடது கோடியில் உட்கார்ந்துகொள்கிறேன், வலது காது எல்லோர் பக்கமும் இருக்கும்படி. வீட்டில் மனைவி தினம் சொல்கிறாள்: "டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குதுங்க. காதைக் காட்டிட்டு வாங்களேன்." "பழைய டிவி" என்பேன்.

சரி, ஆபீஸில் மறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மேட்டில்? அங்கே என் வேலைக்கு என்ன ஆபத்து? கிழவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான் காரணம். இதற்கா ஒரு மனுஷன் கை?

மார்ச் 25, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. சலூன் வரை போனேன். அவருடைய மச்சான் வெட்டிக்கொண்டிருந்தார். இவர் காத்திருப்பவர்களின் பெஞ்சில், கையைக் கழுத்தில் தூளி கட்டிக்கொண்டு. வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். என் வலப்பக்கம் கடை, அதனால் எல்லாம் கேட்டது.

"என்னப்பா, சண்டைக்குப் போய்த் தோத்துட்டியாமே?" என்றது சோப்பு நுரைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"தோக்கலண்ணே, தட்ட மறந்துட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும்.

என் பொய்யை அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். திரும்பி நடந்தேன். என்ன ஜென்மம் நான்.

மார்ச் 26, புதன்

ஒன்றும் எழுத இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாஸ்டர் போனில் சொன்னார். கட்டுப் பிரித்தாயிற்று. முழங்கை முழுசாக நீளாது, இனி எப்போதும். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மரப்பு. கத்திரிக்கோல் பிடிக்கலாம், அரை மணிக்கு மேல் தாங்காது. சவரக் கத்தி வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க சார். உங்க மேல தப்பே இல்ல" என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மதியம் மூன்று மணி, சலூனில் ஆள் வராத நேரம். மச்சான் சாப்பிடப் போயிருந்தார். நின்றபடியே சொன்னேன். இடது காது கேட்காது, இரண்டு வருடமாக. நீங்கள் சொன்னது எனக்கு விழவில்லை. பதிவேட்டில் நான் எழுதியது பொய்.

அவர் இடது கையால் சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார். வாயால சொன்னேனா, மனசுக்குள்ள சொன்னேனான்னு. வீட்டுல ஒருநாள் குப்புறப் படுத்து, நெஞ்சுக்கு அடியில கையை வச்சுக்கிட்டு விடு விடுன்னு சொல்லிப் பார்த்தேன், சத்தம் வருதான்னு. என் வீட்டுக்காரி பயந்துபோயிட்டா."

இன்னொரு சீப்பை எடுத்தார். "உங்க இடது பக்கம் வெட்டும்போது நான் பாட்டுக்குப் பேசுவேனே. அப்பாவுக்கு ஆபரேஷன், பொண்ணு ஒருத்தனைக் கட்டிக்கணும்னு நின்னது, எல்லாம். 'ம்' 'ம்'னு கேட்டீங்களே?"

அவருடைய அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது எனக்கு இன்றுதான் தெரியும்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வலது காதுல சொல்லியிருப்பேனே சார். அவ்வளவுதானே?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

பிறகு சீப்பை வைத்துவிட்டு என் எதிரே வந்தார். இரண்டடி தள்ளி, மேட்டில் நிற்கிற மாதிரி குதிகால் சேர்த்து நின்றார். வலது கை மட்டும் தொடையோடு ஒட்டாமல் வளைந்து நின்றது. குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். மார்ச் 6-ஆம் தேதி முடிக்காமல் விட்ட ஆட்டத்தை முடித்துவைத்தார்.

நிமிர்ந்தபோது அவர் முதுகைக் காட்டி சீப்புகளிடம் போய்விட்டிருந்தார்.

ஏப்ரல் 24, வியாழன்

பதிவேட்டில் என் வரியை அடித்துவிட்டு அதன் கீழே உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாஸ்டர் இரண்டு முறை படித்தார். "என்னையும் அவனைத் திட்ட வச்சுட்டீங்களே" என்றார். என் சீருடையை மடித்து என்னிடமே கொடுத்தார்.

மே 2, வெள்ளி

ஆபீஸிலும் சொல்லிவிட்டேன். மேசை வேலை. ஜன்னலோரம்.

மே 27, செவ்வாய்

காது மிஷின் அளவெடுக்கப் போனேன். மாட்டுகிற அம்மா இடப்பக்க முடியை விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தார். மூன்று மாத முடி. காது முழுக்க மூடிக் கிடந்தது.

"இது மறைக்குதுங்க. முடி வெட்டிட்டு வாங்களேன், அடுத்த வாரம் மாட்டிடலாம்."

சரி என்றேன். வெளியே வந்து நின்றேன். இந்தத் தெருவிலேயே மூன்று சலூன் இருக்கிறது.

வெட்டாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.